தொகை என்றால் கூட்டல் கணக்கு இல்லை

எங்கள் அத்தைக்கு ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே இரண்டு ஏக்கர் கரிசல் உண்டு. மானாவாரி. வானத்தை நம்பி உளுந்து போடுவாள். சில வருடங்களுக்கு முன்பு அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. காய் செடியிலேயே முளைத்துவிட்டது. பயிர்க் காப்பீடு எடுத்திருந்தாள். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு தனியார் செயலி. பக்கத்து வீட்டுப் பையன் வயலில் நின்று படம் எடுத்துக் கொடுத்தான். திரையில் ஒரு பச்சைப் பட்டை வந்தது. அதில் இரண்டே சொற்கள்: ‘பயிர்ச்சேதப் பதிவேற்றம்’.

அத்தை எட்டாவது வரை படித்தவள். தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து இரங்கல் அறிவிப்பு வரை சரளமாக வாசிப்பவள். அந்தப் பட்டையையும் சரளமாகத்தான் வாசித்தாள். வாசித்துவிட்டு போனை அணைத்து முந்தானையில் துடைத்து டிவி மேல் வைத்துவிட்டாள். காசு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் ஊருக்குப் போனபோது விசாரித்தேன். படம் போய்ச் சேரவே இல்லை.

“அதுலதான் பதிவு ஏறிட்டுன்னு போட்டிருந்துச்சே ஐயா. பிறகு நான் என்னத்தச் செய்ய?”

பத்திரப் பதிவு, ரேஷன் கார்டு பதிவு, வேலைவாய்ப்புப் பதிவு. ஊரில் ‘பதிவு’ என்றால் ஒரு ஆபீசில் நம் பேரை நோட்டில் ஏற்றிவிட்டார்கள் என்று பொருள். அது ஏறியும் விட்டது என்று பச்சை நிறத்தில் வேறு எழுதியிருக்கிறது. இதற்கு மேல் அமுக்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது? அத்தையின் வாசிப்பில் இலக்கணப் பிழை ஒன்றுமே கிடையாது. பதிவு ஏறியது என்று அவள் விரித்தாள். பதிவை ஏற்று என்று செயலி நினைத்தது. ‘ஏற்றம்’ என்ற பெயர்ச்சொல்லில் யார் ஏறுகிறார், யார் ஏற்றுகிறார், ஏறியாயிற்றா இனிமேல்தானா என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. இவ்வளவு ஏன், அவள் தலைமுறை விவசாயிக்கு ஏற்றம் என்றாலே கிணற்றில் தண்ணீர் இறைப்பதுதான்.

அந்தச் செயலியின் தமிழ்ச் சொற்பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவன் நான். கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலை. அத்தையிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை இரண்டு கோஷ்டிகளுக்கு எதிரானது. இரண்டிலும் நான் உறுப்பினனாக இருந்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு திட்டலாம் என்று நினைக்கிறேன்.

முதல் கோஷ்டி பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த பொறியாளர் நண்பர் மாதிரி ஆட்கள். அத்தை கதையைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, “இயற்கை மொழிகளே இப்படித்தான், ஓட்டை. லோஜ்பன் படி” என்றார். லோஜ்பன் என்பது செயற்கையாகக் கட்டப்பட்ட மொழி. 1955-இல் ஜேம்ஸ் குக் பிரவுன் என்பவர் லோக்லான் என்று ஒரு தர்க்க மொழியைத் தொடங்கினார். அதன் சொற்பட்டியல் யாருடைய சொத்து என்று தகராறு வந்து, பிரிந்து போனவர்கள் 1987-இல் புதிதாகக் கட்டியது லோஜ்பன். (மொழிக்குப் பங்காளிச் சண்டை. கேட்கவே ஊர் ஞாபகம் வருகிறது.) மாண்டரின், ஆங்கிலம், இந்தி, ஸ்பானியம், ரஷ்யன், அரபி ஆகிய ஆறு மொழிகளின் ஒலிகளைக் கணினியில் கலந்து 1,300-க்கும் மேற்பட்ட வேர்ச்சொற்களைச் செய்தார்கள். ஒவ்வொன்றும் ஐந்து எழுத்து. ஒலித்தொடரைக் கேட்டால் எங்கே ஒரு சொல் முடிந்து எங்கே அடுத்தது ஆரம்பிக்கிறது என்பதில் சந்தேகமே வரக்கூடாது என்பது அவர்கள் சபதம்.

பொறியாளனுக்கு இது சொர்க்கம். நான் ஆறு மாதம் அதில் கிடந்தேன். குறிப்பாகக் கூட்டுச்சொல் செய்யும் பகுதியில். ‘கெர்கு’ என்றால் நாய். ‘ஸ்தானி’ என்றால் வீடு, கூடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘கெர்கு ஸ்தானி’ என்று சொல்லலாம். அதற்குத் ‘தன்ரு’ என்று பெயர். நாய் சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு வீடு. என்ன சம்பந்தம் என்பதை மொழி வேண்டுமென்றே சொல்லாது. நாய்க்கான வீடா, நாய் மாதிரிக் கட்டிய வீடா, நாய் இருக்கும் வீடா, கேட்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த படிதான் ‘லுஜ்வோ’. ஒவ்வொரு வேருக்கும் சில குட்டி வடிவங்கள் உண்டு. ‘கெர்கு’வுக்கு ‘கெர்’, ‘ஸ்தானி’க்கு ‘ஸ்தா’. ஒட்டினால் ‘கெர்ஸ்தா’. ஒரே சொல். நாய்வீடு.

ஒட்டும்போது சேர முடியாத இரண்டு மெய்கள் நேருக்கு நேர் வந்தால் நடுவில் ஒரு மங்கலான உயிரொலியைச் செருகுவார்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. நம்மூரில் இரண்டு உயிர் முட்டிக்கொண்டால் நடுவில் யகரத்தையோ வகரத்தையோ செருகுகிறோம், உடம்படுமெய். அவர்கள் செருகுவது உடம்படு உயிர். அதே கொத்தனார் வேலை, சாந்து மட்டும் வேறு.

ஒரே கூட்டுக்குப் பல வடிவம் சாத்தியம் என்பதால் எது சிறந்தது என்று பார்க்க ஒரு மதிப்பெண் சூத்திரமும் வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு ஆயிரம், செருகலுக்கு நூறு கூடுதல், நல்ல வடிவத்துக்குக் கொஞ்சம் தள்ளுபடி, உயிரெழுத்துக்கு ஒன்று தள்ளுபடி. குறைந்த எண் வாங்கியது ஜெயிக்கும். கெர்ஸ்தா வாங்குவது 5878. இதைக் கணக்குப் போட்டுச் சரிபார்த்த இரவு எனக்கு மெய்யாகவே புல்லரித்தது. ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்.

ஆனால் என் நண்பர் கவனிக்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. அந்த 5878 வடிவத்துக்கான மதிப்பெண். பொருளுக்கு மதிப்பெண் கிடையாது. நாயும் வீடும் சேர்ந்தால் என்ன பொருள் என்பதை எந்தச் சூத்திரமும் கணக்கிட்டுத் தராது. அதற்கென்று வழிகாட்டும் மரபுகள் உண்டு, கட்டாயம் இல்லை. 1997-இல் ஜான் கோவன் எழுதி வெளிவந்த லோஜ்பன் இலக்கணப் பெருநூல் இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்குகிறது. லுஜ்வோவுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்கலாம், அதைச் செய்பவர் என்ன பொருள், யார் யாருக்கு என்ன உறவு என்று வரையறுத்துச் சொல்லியாக வேண்டும். அதாவது உலகத்திலேயே மிக இறுக்கமாகக் கட்டப்பட்ட மொழியும் இந்த ஒரு இடத்தில் கணினியை ஓரமாக உட்காரவைத்துவிட்டு மனிதரைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க, என்ன அர்த்தம் வச்சிருக்கீங்க?” என்று கேட்கிறது. ‘இயற்கை மொழி ஓட்டை’ என்று சொல்லும் நண்பர் தன் வேதத்தையே முழுசாகப் படிக்கவில்லை.

சரி, அடுத்த கோஷ்டி. இவர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம், ஏனென்றால் இவர்கள் நம்மவர்கள். சொல்லாக்கக்காரர்கள். வாட்ஸப்பைப் புலனம் என்றும் யூடியூபை வலையொளி என்றும் மாற்றிப் பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலை வாட்ஸப்பிலேயே அனுப்புகிறவர்கள். இவர்கள் வேலை செய்யும் முறை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் செய்திருக்கிறேன். ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டு. இடது துண்டுக்கு அகராதியில் ஒரு தமிழ்ச்சொல். வலது துண்டுக்கு இன்னொன்று. ஒற்று மிகுமா பார். ஒட்டு. முடிந்தது. சராசரியாக ஒரு சொல்லுக்கு எனக்கு நாலு நிமிடம் ஆனது. ‘பதிவேற்றம்’ நான் உருவாக்கியதல்ல, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அதனால் அதற்கு நாலு நிமிடம்கூட நான் செலவழிக்கவில்லை.

இது சொல்லாக்கம் இல்லை, கூட்டல் கணக்கு. ‘தொகை’ என்ற நம் சொல்லே இவர்களை ஏமாற்றிவிட்டது என்று தோன்றுகிறது. தொகை என்றால் மொத்தப் பணம், கூட்டி வந்த விடை. ஆனால் இலக்கணத்தில் தொகை என்பது எதையோ மறைத்து வைத்திருப்பது. தொல்காப்பியம் எச்சவியலில் ஆறு வகை தொகையைச் சொல்கிறது. வேற்றுமை, உவமை, வினை, பண்பு, உம்மை, அன்மொழி என்று. தொகை எல்லாம் ஒரே சொல்போல நடக்கும் என்றும் சொல்கிறது. உருபு மறைந்து நிற்பதால் தொகையா, சொற்கள் ஒட்டி ஒன்றாகிவிடுவதால் தொகையா என்று அந்தக் காலத்திலேயே இரண்டு கட்சி இருந்ததைச் சேனாவரையர் பதிவு செய்கிறார். பவணந்தி இன்னும் ஒரு படி மேலே போய், தொகைச்சொல் ஒன்று இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று எண்ணிக்கையே கொடுத்துவிடுகிறார். நன்னூல் உரைகளில் அதற்கு வரும் உதாரணங்களில் ஒன்று ‘மரவேலி’. மரத்துக்கு வேலியா, மரத்தால் ஆன வேலியா, மரமே வேலியா என்று விரித்துக்கொண்டே போகலாம். நாய்வீட்டுக்கு லோஜ்பன்காரர்கள் போட்ட அதே பட்டியல்! பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே போட்டாயிற்று. அதற்காக மார்தட்டச் சொல்லவில்லை. இவ்வளவு தெரிந்த இலக்கணத்தின் வாரிசுகள் எப்படி ஒரு பொத்தானின்மேல் விரிக்காத தொகையை ஒட்டிவிட்டுப் போகிறோம் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் கடற்கரையிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். முத்து. முத்துமாலை என்றால் முத்தால் ஆன மாலை. முத்துச்சிப்பி என்றால் முத்தை உடைய சிப்பி. முத்துப்பல் என்றால் முத்துப் போன்ற பல். முத்துக்குளிப்பு என்றால் முத்துக்காகக் கடலில் மூழ்குவது, முத்தைக் குளிப்பாட்டுவது இல்லை. முத்துநகர் என்றால் தூத்துக்குடி, சென்னைக்கு ராத்திரி வண்டி. ஐந்திலும் இடது பக்கம் அதே முத்துதான், ஐந்திலும் உறவு வேறு. தெரஸ்புரத்தில் யாரும் இதில் குழம்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏன் குழம்பவில்லை? சொல் பிறந்தபோது காரியம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. ஆள் முங்குகிறான், சிப்பி வருகிறது, பெயர் வருகிறது. உறவை எழுத்தில் சொல்லத் தேவையில்லாமல் போனது அதனால்தான்.

கட்டுமரமும் அப்படியே. வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகிற மரம், கட்டும் மரம். உலகம் பூராவும் போய், இரண்டு அடிப்பாகம் கொண்ட சொகுசுப் படகுக்கெல்லாம் இன்று அந்தப் பெயர்தான். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. துண்டுகளின் பொருள் செத்துப்போயும் சொல் உயிரோடு இருக்கிறது. கருப்பட்டியும் ஒரு காலத்துக் கருப்புக்கட்டிதான். எந்தக் குழுவும் உட்கார்ந்து மதிப்பெண் போடாமல், ஆயிரம் வாய்கள் சேர்ந்து தேய்த்துச் சுருக்கியது. எங்கள் பக்கத்துச் சில்லுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே யாரும் பகுபத உறுப்பிலக்கணம் சொல்வதில்லை.

“அப்போ புதுச் சொல்லே கூடாதா, இங்கிலீஷையே வச்சுக்கலாமா?” என்று உடனே வருவார்கள். கூடாது என்று யார் சொன்னது? விசைப்படகு புதுச் சொல்தானே. தூத்துக்குடித் துறையில் நன்றாக வேர்பிடித்துவிட்டது. அதற்குப் பொருள் கொடுத்தது நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் நடந்த சண்டைகள். எந்தப் படகு எங்கே மீன் பிடிக்கலாம், எப்போது கரை திரும்ப வேண்டும் என்பதில் சோறே அடங்கியிருக்கும்போது இரண்டு சொல்லும் துல்லியமாகிவிடும். நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை, நாட்டுவெடிகுண்டு என்று அந்த ‘நாட்டு’வை வைத்துக்கொண்டு ஜனங்கள் எத்தனை சொல் செய்கிறார்கள் பாருங்கள். அதில் ஒன்றாவது அகராதியைப் பார்த்துச் செய்ததா?

மென்பொருளை எடுத்துக்காட்டி மடக்குவார்கள். அது அப்பட்டமான துண்டு மொழிபெயர்ப்பு, ஆனாலும் நிலைத்துவிட்டது. உண்மைதான். நிலைத்ததற்குக் காரணம் பாடப்புத்தகமும் ஆசிரியரும். இது இன்னதுதான் என்று ஒருவர் நின்று சொல்லிக்கொடுத்தார், பரீட்சையில் கேட்டார். லோஜ்பன் கேட்கிற வரையறை அங்கே கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதைப் படிக்காத என் அத்தைக்கு இன்றும் மென்பொருள் என்றால் இலவம்பஞ்சாகத்தான் இருக்கும். செயலியில் ஆசிரியர் கிடையாது. அங்கே சொல் தனியாக நிற்கிறது, அத்தையும் தனியாக நிற்கிறாள்.

ஒரு காலத்தில் மொபைல் கடைகளில் ‘பாட்டு ஏத்தித் தரப்படும்’ என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். மெமரி கார்டைக் கொடுத்தால் இளையராஜா இருநூறு பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். சொல்லாக்கக்காரர் அகராதியில் இந்தக் காரியத்தின் பெயர் ‘பதிவிறக்கம்’. திசையே நேர் எதிர்! ஆங்கிலச் சொல் எங்கோ மேலே இருக்கிற பெரிய கணினியிலிருந்து பார்க்கிறது, அதனால் சரக்கு கீழே இறங்குகிறது. கடைக்காரர் கையில் இருக்கிற கார்டிலிருந்து பார்க்கிறார், அதனால் சரக்கு ஏறுகிறது. லாரியில் உப்பு மூட்டை ஏற்றுவது மாதிரி. துறைமுக ஊர்க்காரனுக்கு ஏற்றுவதும் இறக்குவதும் சாதாரண வினை இல்லை, அன்றாடக் கூலி. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அறிவைக் கேட்காமல் ஆங்கிலத்தின் மேல், கீழை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தோம்.

கடவுச்சொல் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘ஒருமுறை கடவுச்சொல்’ என்று வந்தபோது அத்தை கேட்டது: “கடவுள் சொல்லா? சாமி பேரு அடிக்கணுமா?” இதைச் சொல்லி நண்பர்கள் வட்டத்தில் நான் நிறையச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். இப்போது யோசித்தால் கூசுகிறது. ஒரே ஒலித்தொடர் இரண்டு விதமாகப் பிரியும் என்பதற்குத் தொல்காப்பியம் புணரியலின் கடைசியில் இடம் ஒதுக்கியிருக்கிறது. உரைகளில் வரும் உதாரணம் ‘செம்பொன்பதின்றொடி’. செம்பொன் பதின் தொடியா, செம்பு ஒன்பதின் தொடியா? தங்கமா செம்பா, பத்தா ஒன்பதா? வளையலை அடகு வைக்கப் போகிறவளுக்கு இது விளையாட்டு இல்லை. அத்தை செய்தது உரையாசிரியர் செய்த வேலை. நான் செய்தது அடகுக்கடைக்காரர் வேலை.

அந்த உரைகளில் இளம்பூரணர் உரையைத் தேடிப் பிடித்துப் பதிப்பித்தவர்களில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உண்டு. வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1872-இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர். இன்று அவர் வீடு நினைவில்லம். இலக்கணத்தில் இவ்வளவு ஊறியவர் 1906-இல் கம்பெனி ஆரம்பித்தபோது வைத்த பெயர் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. ‘நாட்டு நீராவிக் கலஞ்செலுத்தகம்’ என்று வைக்கவில்லை. காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்கி விட்டார், பெயரையும் அப்படியே விட்டார். பங்கு வாங்க வேண்டியவனுக்குப் புரிய வேண்டும், டிக்கெட் எடுக்கிறவனுக்குப் புரிய வேண்டும். பிறகு ஜனங்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். கப்பலோட்டிய தமிழன். துண்டு துண்டாகக் கூட்டினால் அவர் மாலுமி. சுக்கான் பிடித்தவர். அவர் அதைத் தொட்டதாகக்கூட யாரும் சொல்லவில்லை. கடை ஓட்டுகிறான், குடும்பம் ஓட்டுகிறான் என்கிற அந்த ‘ஓட்டு’ அது. இந்தப் பெயரைக் கேட்டு வ.உ.சி மாலுமி என்று நினைத்த ஒரு தமிழனை எனக்குக் காட்டுங்கள். அவ்வளவு தெளிவான சொல், கூட்டல் கணக்கில் அவ்வளவு தப்பான விடை.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தொகையை அச்சில் போடு, கட்டுரையில் போடு, விளக்கிச் சொல்ல இடம் இருக்கிற எங்கேயும் போடு. பணம் போகிற பொத்தானில் போடாதே. அங்கே உருபை விரி, வினையை முற்றாக்கு. ‘பயிரின் படத்தை அனுப்புங்கள்’. மூன்று சொல், மறைந்தது ஒன்றும் இல்லை. அமுக்கிய பிறகு ‘படம் வந்து சேர்ந்தது’. இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். செயலியின் தமிழை மேற்பார்வை பார்த்தவர் திருப்பி அனுப்பிய குறிப்பில் இரண்டு ஆட்சேபம் இருந்தது. ஒன்று, பேச்சுநடை மாதிரி இருக்கிறது. இரண்டு, பட்டைக்குள் அடங்காது. இரண்டாவதற்காவது நான் எழுத்தளவைக் குறைத்துப் படம் போட்டுக் காட்டினேன், அடங்கியது. முதலாவதற்கு என்ன பதில் சொல்ல? படிக்கிறவருக்குப் புரிந்துவிட்டால் அது பேச்சுநடை, புரியாவிட்டால் நல்ல தமிழ் என்பது இவர்கள் கையில் இருக்கிற தராசு. அதில் அத்தையின் இரண்டு ஏக்கரை வைத்து நிறுக்க முடியாது.

அந்தத் திருத்தக் கோரிக்கை இன்னும் திறந்தே கிடக்கிறது. நான் அந்த வேலையை விட்டுவிட்டேன், கோரிக்கையின் நிலை மட்டும் அவ்வப்போது மின்னஞ்சலில் வரும். ‘பரிசீலனை நிலுவை’. இதையும் இரண்டு மூன்று விதமாக விரிக்கலாம்.

அத்தை இந்த வருடம் மக்காச்சோளம் போட்டிருக்கிறாள். காப்பீடும் எடுத்திருக்கிறாள், அதே செயலிதான். போன வாரம் பெங்களூருக்கு போன் வந்தது.

“ஏ ஐயா, கடவுள் சொல்லு ஆறு நம்பர் வந்திருக்கு. வாசிக்கட்டா?”

“வேண்டாம் அத்தை, யாருகிட்டயும் சொல்லக்கூடாது அது. எனக்குக்கூடச் சொல்லாதீங்க. நீங்களே அடிங்க.”

“அடிச்சிட்டேன். இப்பம் பச்சையா ஒண்ணு வந்திருக்கு. இது ஏறிட்டா, இல்ல நான் ஏத்தணுமா?”